மணிலாவுக்குத் தேயிலையும் கறுவாவும்: பினொண்டோச் சீனரிடம் போவதா, கொரியன் கடைகளிடம் போவதா?

கறுவாக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் கறுவா, மிளகு மொத்த யாவாரம். தேயிலை இப்பதான் புதுசாச் சேர்க்கிறம். மணிலாவில் இருந்து ஒரு தரகர் மூலமாகக் கேள்வி வந்திருக்கு. 20 அடிக் கொன்டெய்னர் ஒன்று, பாதி தேயிலை, பாதி கறுவா.

தரகர் சொல்வது இது. "அங்க யாவாரம் எல்லாம் சீனர் கையில. பினொண்டோவில, மணிலாச் சீனர் பகுதியில, ஒருத்தரைப் பிடிச்சால் மிச்சத்தை அவர் பார்ப்பார். கறுவாவைக் கொரியாக்காரர் அள்ளிக்கொண்டு போவாங்கள். பிலிப்பினோக்கள் வாங்கிறவங்கள் மட்டும், விக்கிறவங்கள் இல்லை." கடன் 90 நாள், போஸ்ட்டேட்டட் செக் தருவார்களாம்.

கேள்விகள்: தரகர் சொல்வது சரியா? இந்த மூன்று பகுதியும் அங்கே எப்படிப் பழகுகிறார்கள்? போகோ என்ற இணையச் சூதாட்டக் கொம்பனிகளின் பிரச்சினைக்குப் பிறகு சீனர் பெயர் போட்ட கடையில் பிலிப்பினோக்கள் வாங்க மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? கடன் கொடுக்கலாமா? துறைமுக நகரில் வேலை செய்கிற, மாண்டரின் தெரிந்த ஒரு பெடியன் இருக்கிறான். மொழிபெயர்ப்புக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனால் உதவுமா?

அனுபவக் கதை வேண்டாம், செய்யவேண்டியதைச் சொல்லுங்கள். அடுத்த மாதம் பதில் கொடுக்கவேணும்.

கிட்டங்கி:

தம்பி, தரகர் சொன்னதில் பாதி உண்மை, பாதி சோம்பேறித்தனம். அங்கே "சீனர்" என்று ஒரே கூட்டம் கிடையாது. மூன்று கூட்டம். மூன்றுக்கும் ஒரே விலைப்பட்டியல் அனுப்பினால் மூன்று பேருமே பதில் போட மாட்டார்கள்.

முதலாவது பழைய குடும்பங்கள். தங்களைச் சினோய் என்பார்கள். "ட்சினோ"வையும் "பினோய்"யையும் ஒட்டிய சொல். ஃபூஜியான் மாகாணத்தின் ஜின்ஜியாங், சியாமென் பக்கங்களில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வீட்டில் ஹொக்கியன் (ஃபூஜியான் பேச்சுமொழி), கடையில் தகலோக், பில்லில் ஆங்கிலம். ஆகவே உங்கட மாண்டரின் பெடியனைக் கூட்டிப் போய்ப் பிரயோசனம் இல்லை. முதலாளி அவனோடு மாண்டரினில் இரண்டு வார்த்தை மரியாதைக்குப் பேசிவிட்டு, உங்களோடு ஆங்கிலத்தில்தான் விலை பேசுவார். பிளேன் காசு மிச்சம்.

பினொண்டோவை ஸ்பானியர் 1594-ல் ஏற்படுத்தினார்கள், கத்தோலிக்கத்துக்கு மாறிய சீனருக்கென்று. மாறாதவர்களைப் பரியான் என்ற பகுதியில், இன்ட்ராமுறொஸ் கோட்டைப் பீரங்கி எட்டுகிற தூரத்தில் வைத்தார்கள். 1603 கலவரத்தில் ஏறத்தாழ 20,000 சீனர் கொல்லப்பட்டார்கள். பிறகும் வந்தார்கள்; ஏனென்றால் மெக்சிக்கோவின் அகபுல்கோவுக்குப் போகிற கப்பலில் ஏற்றுகிற பட்டும் பீங்கானும் அவர்கள் கையால்தான் வரவேண்டியிருந்தது. பயமும் தேவையும் ஒரே நேரத்தில். இந்தச் சங்கதி அங்கே இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது 1954. அந்த வருடம் வந்த குடியரசுச் சட்டம் 1180 சில்லறைக் கடை நடத்துவதைப் பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அதுவரை மூலைக்கடைகளில் நிறையச் சீனருடையவை. ஏற்கெனவே கடை வைத்திருந்தவர் தான் சாகும்வரை அல்லது தானாக விடும்வரை நடத்தலாம், மகனுக்குக் கொடுக்க முடியாது. அதனால் அடுத்த தலைமுறை மொத்த யாவாரம், கிட்டங்கி, தொழிற்சாலை என்று போனது. நீங்கள் இன்று பினொண்டோவில் காண்கிற மொத்தக்காரர் பலர் அந்தச் சட்டத்தின் விளைவு. 1975-ல் மார்க்கோஸ் குடியுரிமை பெறுகிற வழியைச் சுருக்கிக் கொடுத்தார். அதே வருடம் ஜூனில் பெய்ஜிங்குடன் தூதரக உறவு. நம்ம நாட்டு 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத்தாரை நாடற்றவராக்கி என்ன செய்தது என்று தெரிந்தவருக்கு, குடியுரிமை கொடுத்த 1975 இவர்களுக்கு என்ன செய்தது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு இந்தக் குடும்பங்கள் சட்டப்படி பிலிப்பினோக்கள். காணி வாங்கலாம், சில்லறைக் கடை போடலாம். எஸ்.எம். பேரங்காடிகளைத் தொடங்கிய ஹென்றி சீ ஃபூஜியானில் பிறந்தவர், 1958-ல் மணிலாவில் சப்பாத்துக் கடை போட்டவர்.

இரண்டாவது, 1990-களுக்குப் பிறகு வந்த புதியவர்கள். மணிலாவின் டிவிசோரியாச் சந்தைப் பக்கத்து மாடிச் சந்தைகளில் உடுப்பு, பொம்மை, போன் சாமான் விற்கிறவர்கள். பழையவர்கள் இவர்களை "ஜீ.ஐ." என்பார்கள், "ஜெனுவின் இன்ட்சிக்", அசல் சீனன் என்ற கேலி. இவர்களும் பலர் ஃபூஜியான்காரர்தான், ஆனால் பழைய குடும்பமும் புதியவரும் ஒரே மேசையில் இருப்பது குறைவு. தேயிலையை இவர்கள் சீனாவில் இருந்தே இறக்குவார்கள், உங்களிடம் வாங்கக் காரணம் இல்லை. உங்கட பெடியனின் மாண்டரின் இங்கேதான் செல்லும். ஆனால் இங்கே உங்களுக்கு யாவாரமே இல்லை.

மூன்றாவது, போகோ ஆட்கள். 2016-ல் இருந்து இணையச் சூதாட்ட உரிமம் கொடுத்தபோது வந்தவர்கள், மணிலாவை ஒட்டிய பசாய், பரஞாக்கே, மகாட்டிப் பக்கம். ஃபூஜியானோடு தொடர்பில்லாத வேறு மாகாணத்தார் நிறைய. வாடகை ஏறியது, வாசலில் சீன எழுத்து மட்டும் போட்ட கடைகள் வந்தன, பக்கத்து வீட்டாருக்கு எரிச்சலும் வந்தது. 2020-ல் செனட் விசாரணையில் வெளிவந்த "பஸ்தில்லாஸ்" விவகாரம் இதில் ஒரு துண்டு: விமான நிலையத்தில் ஆளுக்கு 10,000 பெசோ வாங்கி, அதில் ஒரு பங்கை பால் இனிப்புச் சுற்றுவது போலத் தாளில் சுருட்டிக் குடிவரவு அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள் என்பது சாட்சியம். 2024 ஜூலையில் ஜனாதிபதி தடை அறிவித்தார், வருட முடிவோடு மூடச் சொன்னார். ஆகவே தரகர் "பரஞாக்கேயில் ஒரு சீன சுப்பர்மார்க்கெட்" என்று ஏதாவது காட்டினால், எந்த வருடம் திறந்தது, இப்போது யார் வாங்குகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

போகோ எரிச்சல் பினொண்டோக் கடைகள் மேல் விழுமா என்ற கேள்விக்கு: வாடிக்கையாளர் அவ்வளவு குழம்புவதில்லை. ஹோப்பியாப் பணியாரமும் சியோப்பாவ் பணிசும் அவர்களுக்குச் சீனச் சாப்பாடு இல்லை, சொந்தச் சாப்பாடு. எரிச்சல் இணையத்தில் சத்தமாக இருக்கும், கல்லாவில் குறைவு. ஆனால் தென்சீனக் கடல் தகராறு பற்றி வாய் திறக்க வேண்டாம். அங்கே அதற்குப் பெயர் மேற்குப் பிலிப்பைன் கடல். சினோய் ஒருவரிடம் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்பது, கொழும்பில் 83 கலவரத்துக்குப் பிறகு நம்மிடம் கேட்ட கேள்வி மாதிரி. கேட்டவரோடு யாவாரம் முடிந்தது.

பினொண்டோக்காரருக்குத் தேயிலை விற்கிற வழி: குடிக்கிற தேயிலையாக விற்காதீர்கள். அவர் தன் ஊர் ஊலோங் குடிப்பார். பிலிப்பினோ பால்மாவும் சீனியும் சேர்த்துக் கலந்த கோப்பிப் பைக்கற் குடிப்பார். பால் தேநீர்க் கடைகளுக்கு மூலப்பொருளாக விற்க வேண்டும். ஐஸ் போட்டாலும், பால்மா போட்டாலும் நிறம் நிற்கிற தாழ்நிலத் தேயிலை, பி.ஓ.பி.எஃப். போன்ற சிறுதூள். மாதிரி அனுப்பும்போது லீட்டர் சுடுதண்ணீருக்கு 25–30 கிராம் என்று எழுதி, ஐந்தாம் நிமிடம் வடித்து ஐஸ் போட்ட நிறத்தைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். மலைத் தேயிலையின் வாசம் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைவிட அந்தப் படம் வேலை செய்யும்.

கொள்ளுப்பிட்டி_வாசகி:

கிட்டங்கி ஐயா சீனர் பற்றி எழுதியதோடு ஒத்துப்போகிறேன். கொரியர் பற்றித் தரகர் சொன்னது முழுத் தவறு. காரணம் கறுவாவே.

கொரியர் "கியேப்பி" என்று கேட்பது நம்ம கறுவா இல்லை, கஸ்ஸியா. தடித்த, முரட்டு, ஒற்றைப் பட்டை. வியட்நாமில் இருந்தும் சீனாவில் இருந்தும் வருவது. சுஜொங்வா என்ற அவர்களின் குளிர்பானத்துக்கு அந்தப் பட்டையையும் இஞ்சியையும் தனித்தனியாக நெடுநேரம் அவித்து, பிறகு கலந்து, சீனி போட்டு, காய்ந்த பேர்சிமன் பழம் மிதக்கவிடுவார்கள். அவ்வளவு நேரம் அவித்தால் நம்ம அல்பா, சி5 தரத்துக் கறுவாச் சுருள் மென்மையாக வாசம் போய், நிறமும் தராது. காரம் காணாது என்பார்கள். விலையோ பல மடங்கு. சீனச் சமையலின் ஐந்துமசாலாவுக்கும் கஸ்ஸியாதான் வழக்கம். ஆகவே கொரியருக்கும் சீனருக்கும் "இலங்கை கறுவா" என்று மட்டும் போட்டு அனுப்பினால், "பட்டை மெல்லிசு, தரம் குறைவு" என்று திரும்பி வரும். தரம் குறைவில்லை, வேறு சாமான். மணிலாவில் கறுவாவுக்குப் போகவேண்டிய இடம் பேக்கரிச் சாமான் மொத்தக்காரரும், நல்ல விலைக்கு விற்கிற ஆரோக்கிய உணவுக் கடைகளும். கூமரின் (கஸ்ஸியாவில் கூடுதலாக உள்ள, ஈரலுக்குக் கூடாத பொருள்) குறைவு என்பதைப் பொதியில் எழுதலாம், ஆய்வுகூட அறிக்கை கையில் இருந்தால் மட்டும்.

கொரியர் அங்கே எப்படி இருக்கிறார்கள் என்றால், சீனரைப் போல 400 வருடக் கதை இல்லை. 1949-ல் தூதரக உறவு, கொரியப் போருக்குப் பிலிப்பைன்ஸ் 7,420 வீரரை அனுப்பியது. கொரியர் மரியாதையாகச் சொல்லும் கணக்கு இது. கூட்டமாக வந்தது 1990-களுக்குப் பிறகு. மூன்று காரணம்: ஆங்கிலம் படிக்க, ஓய்வுக் காலம் கழிக்க, சிறு யாவாரம் செய்ய. இடங்களும் அதற்கேற்ப. பாகியோவும் செபுவும் ஆங்கிலப் பள்ளிகள். ஆசிரியர் பிலிப்பினோ, மாணவர் கொரியர், மேசைக்கு மேசை ஒருவருக்கு ஒருவர் வகுப்பு. வெளியே போக விடாத கட்டுப்பாட்டுப் பள்ளிக்கு "ஸ்பார்ட்டா" என்று பெயர். ஏஞ்சலஸ் நகரின் ஃப்ரெண்ட்ஷிப் நெடுஞ்சாலையில் பலகை எல்லாம் ஹங்குல், கொரிய எழுத்து. மணிலாவில் மகாட்டி, மலாட்டே, பரஞாக்கே பி.எஃப். ஹோம்ஸ். சூபிக்கில் கொரியக் கப்பல்கட்டும் தளம் 2006-ல் இருந்து நடந்து 2019 தொடக்கத்தில் கடனில் விழுந்தபோது அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடைகளும் ஆட்டம் கண்டன. கொவிட்டில் பள்ளிகள் மூட, கொரியர் தொகை ஒரேயடியாகச் சரிந்தது. 2019-ல் கொரியச் சுற்றுலாப் பயணிகள் மட்டும் 20 லட்சத்துக்குக் கிட்ட. அந்தக் கணக்கை வைத்து இன்றைக்கு ஓடர் எடுக்காதீர்கள்.

இதில் இருந்து உங்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, பருவம். பள்ளி உள்ள ஊரில் கொரியக் கடை யாவாரம் ஜனவரி–பெப்ரவரியும் ஜூலை–ஓகஸ்ட்டும் ஏறும், கொரியாவில் விடுமுறை என்பதால். மற்ற மாதம் தூங்கும். இரண்டு, இப்போது கொரியன் மார்ட்டில் கூடை தூக்குகிறவர் பெரும்பாலும் பிலிப்பினோ. இறைச்சி சுட்டுத் தின்கிற சம்ஜியொப்சல் கடைகளில் பாதிக்கு மேல் கொரியருடையதே இல்லை என்றுதான் தோன்றும். நாடகம் பார்த்து வந்த ருசி அது. ஆக, கொரியன் கடைக்குக் கொடுத்தால் அது கொரியர் குடிக்கிற தேயிலையாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தத் தட்டில் வாற்கோதுமைத் தேநீரும் யூசா சர்பத்தும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

உறவு எல்லாம் இனிப்பு என்று நினைக்கவும் வேண்டாம். கொரியத் தகப்பன் விட்டுப்போன, பிலிப்பினாத் தாயின் கொப்பினோப் பிள்ளைகள் ஒரு காயம். 2016-ல் ஏஞ்சலஸில் ஒரு கொரிய வர்த்தகரைப் பொலிஸ்காரரே கடத்தி, பொலிஸ் தலைமையகத்துக்குள்ளேயே கொன்றது மற்றப் பக்கத்துக் காயம்.

கறுவாக்கடை:

இரண்டு பேருக்கும் நன்றி. கஸ்ஸியா விஷயம் எங்களுக்குத் தெரிந்திருக்கவேணும், மெக்சிக்கோவுக்கு அனுப்பிப் பழகினதால் யோசிக்கவில்லை. அப்ப கடன்? பழைய சீனக் குடும்பம் என்றால் 90 நாள் நம்பலாம், கொரியர் என்றால் காசு கையில், இப்படி எடுக்கலாமா?

பற்றுவரவு:

வேண்டாம். அப்படி இனக்கணக்கு போட்டால் இரண்டு பக்கமும் அடிபடுவீர்கள். பார்க்கவேண்டியது ஆளின் மூக்கை இல்லை, சுவரில் தொங்குகிற கடதாசியை.

அங்கே வெளிநாட்டார் காணி வாங்க முடியாது, அரசியலமைப்பிலேயே தடை. தொடர்மாடிக் கட்டடத்தில் 40 வீதம் வரை வாங்கலாம். நம்ம 2014 காணிச் சட்டத்தில் நாலாம் மாடியும் அதற்கு மேலும் என்று விட்டிருக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு. சில்லறைக் கடை போடுகிற வெளிநாட்டு முதலுக்கு 2021 திருத்தத்தின்படி குறைந்தது 25 மில்லியன் பெசோ வேண்டும். ஒரு சின்னக் கொரியன் மார்ட்டோ டிவிசோரியாவில் புதிதாக வந்தவரின் கடையோ இதைக் காட்ட முடியாது. அதனால் சில இடத்தில் பெயர் பிலிப்பினா மனைவிக்கு அல்லது கூட்டாளிக்கு, பணம் வேறு ஒருவருக்கு. பெயர் மட்டும் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1936-ல் இருந்தே இருக்கிறது. மனைவி உண்மையிலேயே நடத்துகிற கடையும் ஏராளம், அது சட்டப்படி சுத்தம். உங்களுக்கு ஆபத்து எங்கே என்றால், சாமான் கேட்டவர் ஒருவர், செக்கில் கையெழுத்து வைத்தவர் இன்னொருவர், பிரிவு வந்தால் இரண்டு பேரும் "எனக்குத் தெரியாது" என்பார்கள்.

கேட்கவேண்டிய கடதாசிகள்: தனிநபர் கடை என்றால் டி.ரி.ஐ. (வர்த்தகத் திணைக்களம்) பெயர்ப் பதிவு, கொம்பனி என்றால் எஸ்.ஈ.சி. (கொம்பனிகளைப் பதியும் ஆணையம்) பதிவும் அந்த வருடத்துப் பொதுத் தகவல் தாளும். பின்னதில் பங்குதாரர் ஒவ்வொருவரின் நாடும் இருக்கும். நகரசபை வியாபார அனுமதி ஜனவரியில் புதுப்பிப்பது. போன வருடத்து அனுமதியை பெப்ரவரியில் காட்டினால் ஏன் என்று கேளுங்கள். வரித் திணைக்களத்தின் 2303 படிவம் கடைச் சுவரிலேயே தொங்கவேண்டும். "2303 அனுப்புங்கள்" என்று சொன்னால் அங்கே எல்லாருக்கும் விளங்கும், யாரும் கோபிக்க மாட்டார்கள். இழுத்தடித்தால் அதுவே பதில்.

இனி செக். 30, 60, 90 நாளுக்கு முன்கூட்டியே செக் எழுதிக் கொடுப்பது அங்கே சாதாரணம், சினோயும் செய்வார், பிலிப்பினோவும் செய்வார். திரும்பிய செக்குக்கு 1979-ல் இருந்து தனிக் குற்றச் சட்டம் உண்டு, பதாஸ் பம்பான்சா 22. தரகர் இதைச் சொல்லித்தான் தைரியம் கொடுத்திருப்பார். அவர் சொல்லாதது: செக்கை அதன் திகதியில் இருந்து 90 நாளுக்குள் வங்கியில் போடவேண்டும், திரும்பினால் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும், அது கையில் கிடைத்து 5 வங்கி நாளுக்குள் அவர் கட்டிவிட்டால் குற்றமில்லை. அறிவித்தல் கிடைத்ததை நிரூபிக்க முடியாமல் போன வழக்குகள் தோற்கின்றன. "ரசீதில் யாரோ காவலாளி கையெழுத்து" என்றால் போச்சு. புறக்கோட்டையில் இருந்துகொண்டு இதை யார் ஓடிச் செய்வது? அதோடு பெசோ செக்கை இங்கே எந்த வங்கியிலும் போட முடியாது.

ஆகவே நீங்கள் செக்கே வாங்காதீர்கள். ஒரே ஒரு இறக்குமதியாளர். முதல் இரண்டு ஓடருக்கு 30 வீதம் முற்பணம், மிச்சம் 70 வீதம் கப்பல் ரசீதின் பிரதி கண்டவுடன். மூல ரசீது காசு வந்தபிறகு. அல்லது கடதாசிகளைப் பார்த்தவுடன் வங்கி பணம் தருகிற கடன் கடிதம் (எல்.சி.). 90 நாள் கடனை அவர் தன் கடைக்காரருக்குக் கொடுக்கட்டும், அவருக்கு அவர்களின் வீடு தெரியும். அந்த இறக்குமதியாளரிடம் சுங்கப் பதிவும் எஃப்.டி.ஏ. (உணவு, மருந்து நிர்வாகம்) இறக்குமதி உரிமமும் இருக்கவேண்டும். சில்லறைப் பொதி ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவுச் சான்றிதழ், அது கிடைக்க மாதக்கணக்கு ஆகலாம். பொதியில் எழுத்து ஆங்கிலம் அல்லது பிலிப்பினோவில். பொதியில் சிலோன் தேயிலையின் சிங்க இலச்சினை வேண்டுமானால் தேயிலை நூறு வீதம் இலங்கையதாகவும் இலங்கையிலேயே பொதி செய்ததாகவும் இருக்கவேண்டும். மணிலாவில் பொதி செய்தால் சிங்கம் கிடையாது.

"பிலிப்பினோக்கள் விக்கிறவங்கள் இல்லை" என்றது சுத்த மடத்தனம். தெருவுக்குத் தெரு இருக்கிற சாரி-சாரிக் கடைகளை நடத்துகிறவர்கள் அவர்கள்தான், பெரும்பாலும் பெண்கள், வீட்டு யன்னலில் கம்பி போட்டு. அங்கே "திங்கி" முறை, எல்லாம் ஒற்றைப் பைக்கற். 100 பை உள்ள பெட்டியை அந்த யன்னலில் யாரும் வாங்க மாட்டார்கள். ஒற்றைப் பையாகப் பிரித்து விற்கக்கூடிய உறை இருந்தால்தான் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

மட்டக்குளி_நானா:

பேச்சு வழக்குப் பற்றி யாரும் சொல்லேல்லை, அதையும் சொல்றன்.

"இன்ட்சிக்" என்று சொல்லாதீங்க. ஹொக்கியனில மரியாதையான "அவருடைய சித்தப்பா" மாதிரியான சொல்லில இருந்து வந்ததுதான், ஆனா இப்ப ஏச்சு. சினோய் என்று அவங்களே சொன்னால் நீங்களும் சொல்லலாம், இல்லாட்டி பேரைச் சொல்லி மிஸ்டர் போடுங்க. கடைக்குள்ள மூத்த மகனை "அஹியா", மூத்த மகளை "ஆச்சி" என்று கூப்பிடுறது கேட்கும். அண்ணன், அக்கா. நம்ம ஆச்சி இல்லை, கிழவி என்று நினைச்சு மரியாதை குடுத்திடாதீங்க, 25 வயசுப் பிள்ளையா இருக்கும். பிலிப்பினோக்கள் எல்லாரும் சொல்ற "கூயா", "ஆத்தே" கூட அந்த ஹொக்கியன் அண்ணன் அக்காதான். பான்சித் (நூடில்ஸ்), லும்பியா (ரோல்ஸ்), தோயோ (சோயா சோஸ்) எல்லாம் அதே வழி. அவ்வளவு கலந்தும் கலியாணப் பேச்சு வந்தால் பழைய வீடுகளில "பெருஞ்சுவர்" என்று ஒன்று எழும்பும். பிலிப்பினோவைக் கட்டக்கூடாது என்ற வீட்டுச் சட்டத்துக்கு இளசுகள் வைச்ச பேர். குறைஞ்சுகொண்டு வருது. உங்களுக்குத் தெரியாத ஊர்க் கதையா?

உங்களை என்னவென்று நினைப்பாங்க என்றதையும் தெரிஞ்சுகொண்டு போங்க. நம்ம நிறத்துக்கு அங்க "பும்பாய்". பும்பாய் என்றால் மோட்டார் சைக்கிளில வந்து "ஐந்து–ஆறு" வட்டிக்குக் குடுக்கிற ஆள்: ஐந்து வாங்கினால் ஆறு கட்டு. கடன் விதிமுறை பேசும்போது சிரிப்பு வந்தால் இதுதான் காரணம். சேர்ந்து சிரிச்சிட்டு விலையைப் பேசுங்க.

ஒங்பின் தெருவில சுவரோரம் ஒரு சிலுவை இருக்கு. கத்தோலிக்கச் சிலுவை, முன்னால ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுவாங்க. கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைக் கண்ட ஆளுக்கு அதிசயமா இருக்காது. அதை நிண்டு போட்டோ எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

இன்னொன்று. அவங்களுக்கும் ஆடி மாசம் உண்டு. சீனக் கணக்கில ஏழாம் மாதம், பேய் மாதம், ஓகஸ்ட்–செப்டெம்பர் வாக்கில வரும். புது ஒப்பந்தம், புதுக் கடை, பெரிய முதல் எதுவும் தொடங்க மாட்டாங்க. ஓகஸ்ட் கடைசியில போய் "ஏன் கையெழுத்து வைக்கிறார் இல்லை" என்று யோசிக்காதீங்க. அது முடிஞ்ச கையோட நத்தார் தொடங்கிடும்; செப்டெம்பரிலயே பாட்டுப் போடுவாங்க. நத்தாருக்கு விக்கிற சாமான் ஒக்டோபருக்குள்ள கிட்டங்கியில இருக்கோணும், வருடக் கடைசியில மணிலாத் துறைமுகம் நெரிஞ்சுபோய் நிற்கும்.

கடைசியா ஒரு சொல், யாவாரத்துக்கு உதவும். நம்ம தேயிலை, தேத்தண்ணியில இருக்கிற "தே" ஹொக்கியன் சொல். ஒல்லாந்தக் கப்பலில ஊர் சுத்தி நம்ம வாயில வந்தது. பிலிப்பினோ "ட்சா" என்றுதான் சொல்வான், பினொண்டோக் கிழவர்தான் "தே" என்பார். பொதியில தமிழிலயும் "தேயிலை" என்று போட்டிருந்தால் வாசிச்சுக் காட்டுங்க.

கறுவாக்கடை:

நல்லது நானா. முடிவு இப்படி எடுக்கிறன்: ஒரு இறக்குமதியாளர், 30–70, தேயிலை பால் தேநீர்க் கடைக்கு, கறுவா பேக்கரிக்கு. இரண்டையும் ஒரே கொன்டெய்னரில் போட்டு செப்டெம்பர் முதல் வாரம் கப்பல் ஏத்தினால் சரிதானே?

கிட்டங்கி:

தம்பி, நிறுத்துங்கள். முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. தேயிலையும் கறுவாவும் ஒரே கொன்டெய்னரிலா? தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். மூடிய இரும்புப் பெட்டிக்குள் பல நாள், வெயிலில் சூடேறி இறங்கி, பாதிப் பெட்டி கறுவாவோடு. பொலித்தீன் உள்ளுறை போட்ட கடதாசிச் சாக்கும் தாங்காது. பினொண்டோக்காரர் சாக்கைத் திறந்ததும் தூளை உள்ளங்கையில் போட்டு மூக்கில்தான் முதலில் வைப்பார், வாயில் இல்லை. பிறகு 70 வீதத்துக்கு நீங்கள் கொழும்பில் இருந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டு தனிக் கப்பலேற்றம். தேயிலை முழுக் கொன்டெய்னருக்குக் காணாவிட்டால் கூட்டுச் சரக்கில் போடவும் வேண்டாம், பக்கத்தில் மீன் தூளா, சவர்க்காரமா என்று உங்களுக்குத் தெரியாது. முதல் ஓடரைக் கொஞ்சம் கூட்டி 20 அடி முழுக்கத் தேயிலையாக எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஏற்றுமுன் கொன்டெய்னரைத் திறந்து கதவைச் சாத்தி உள்ளே இரண்டு நிமிடம் நின்று மணந்து பாருங்கள். மிளகாயோ, தோலோ ஏற்றிய பெட்டி என்றால் திருப்பி அனுப்புங்கள். மூட்டை ஏற்றுகிற நாட்டாமைமாரை நம்பி விடாதீர்கள், நீங்களே உள்ளே போங்கள். கறுவா பிறகு தனியாக, கூட்டுச் சரக்கிலேயே போகலாம். அதற்குத் தேயிலை அளவுக்குக் கவலையில்லை.